பஞ்சத்தின் பழியை வானத்தின் மேல் போடுவது

மழை பொய்த்தது, விளைச்சல் இல்லாது போயிற்று, ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள் என்று பஞ்சத்தின் வரலாற்றை மூன்றே வார்த்தைகளில் சொல்லி முடித்துவிடும் வழக்கம், திண்ணைப் பேச்சிலிருந்து பாடப் புத்தகம் வரையில் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. தெய்வ கோபம் என்று முதியோர் சொல்வதும், பருவக்காற்றின் பிறழ்ச்சி என்று படித்தவர் சொல்வதும் தோற்றத்தில் வேறுபட்டாலும் சாரத்தில் ஒன்றே. இரண்டும் ஆண்டவர்களைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு ஆகாயத்தை அங்கே ஏற்றுகின்றன. இந்த நம்பிக்கை பொய் என்பதோடு, இன்னமும் உயிர்களுக்குக் கேடு விளைவிக்கக் கூடியது என்பதும் என் கருத்து. வறட்சி இயற்கையின் செயல்; வறட்சி பஞ்சமாவதும், பஞ்சம் மரணமாவதும் சட்டத்தினாலும் நிர்வாகக் கொள்கையினாலும் நிகழும் காரியங்கள்.

தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்வோம். 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் அதை அடுத்து வடகிழக்குப் பருவமழையும் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தவறிப்போயின என்பதை எவரும் மறுக்கவில்லை. பல்லாரி, கர்நூல், கடப்பை தொடங்கி சேலம், கோயம்புத்தூர், மதுரை வரையில் ஏரிகள் வறண்டன, கிணறுகள் தூர்ந்தன, கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1878 வரையில் நீடித்த அந்தக் கொடுமையில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர் மாண்டனர் என்று கணக்கிடுகிறார்கள். 1871-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் ஜில்லாவின் தொகை, பத்தாண்டு கழித்து எடுத்த கணக்கில் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. செத்தவர் போக எஞ்சியவரில் பலர் கங்காணிகளின் பின்னே நடந்து, கடல் கடந்து, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் மாண்டவர் யார் என்று கேட்கும்போதுதான், மழையின் மேல் பழி போடும் வாதம் தள்ளாடத் தொடங்குகிறது. மழையில்லாமையே நேரடிக் காரணமாயிருந்தால் சாவு எல்லா வீட்டுக் கதவையும் ஒரேவிதமாகத் தட்டியிருக்க வேண்டும், அப்படித் தட்டவில்லை. குதிரில் பழைய நெல் வைத்திருந்த மிராசுதாரர் வீட்டில் சாவு அபூர்வம். அவர் நிலத்தில் உழுதும் அறுத்தும் பிழைத்த பண்ணையாள் வீட்டில் அது முதலில் நுழைந்தது. உழவு நின்றதும் அவனுக்குக் கூலி நின்றது. கூலி நின்ற அதே மாதங்களில் தானியத்தின் விலை இரண்டு பங்கும் மூன்று பங்குமாக ஏறிற்று. நெசவாளர் கதி இதைவிடத் தெளிவான சாட்சியம். தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வயலும் இல்லை, அதனால் இழப்பதற்கு விளைச்சலும் இல்லை. ஆயினும் சோற்றுக்கே வழியில்லாத ஊரில் சேலை வாங்குவார் யாருமில்லாமற் போகவே, நெய்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து அவன் பட்டினி கிடந்தான். தானியம் இல்லாமையைக் காட்டிலும் தானியத்தை வாங்கும் சக்தி இல்லாமையே பஞ்சத்தில் ஜனங்களைக் கொல்கிறது என்பதைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட தமது நூலில் விஸ்தாரமாக நிறுவினார். வாங்கும் சக்தியை உண்டாக்குவதும் அழிப்பதும் மேகங்களின் வேலையல்ல. நிலவரி, கூலி, விலை, நிவாரணம் ஆகிய இவை யாவும் சர்க்கார் கையிலிருக்கும் விஷயங்கள்.

இதற்குச் சரித்திரம் நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கும் பிரமாணம் ஒன்று உண்டு. அதை நினைக்குந்தோறும் என் மனம் கொதிக்கிறது. 1873-74-ல் பீகாரில் மழை தவறிற்று. அப்போது நிவாரணப் பொறுப்பை ஏற்று, 1874-ல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரும் ஆன ஸர் ரிச்சர்ட் டெம்பிள், பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியைச் சர்க்கார் செலவில் வரவழைத்தார். வேலை செய்யக்கூடியவருக்கு வேலையும், செய்ய இயலாதவருக்கு இலவச உணவும் தாராளமாக வழங்கினார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே அந்த ஆண்டு கழிந்தது. செய்தவருக்குப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ, பொக்கிஷத்தை வீணடித்தார் என்ற கண்டனம். மூன்றே ஆண்டு கழித்து, 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வைஸ்ராய் லிட்டன் பிரபு அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறை என்பதே அவருக்கு இடப்பட்ட கட்டளையின் சாரம். பழைய கண்டனத்தின் வடு ஆறாத அந்த மனிதர் கட்டளையை அளவுக்கு மீறியே நிறைவேற்றினார். ஒரே மனிதர், ஒரே சாம்ராஜ்யம், ஒரே விதமான வறட்சி. மாறியது கொள்கை ஒன்றே. பீகாரில் ஜனங்கள் பிழைத்தார்கள், சென்னை மாகாணத்தில் மாண்டார்கள். பஞ்சம் வானத்தின் கொடை என்று சாதிப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை எந்த மேகத்தைக் கொண்டு விளக்கப் போகிறார்கள்?

டெம்பிள் வகுத்த கூலித் திட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் வெட்டிக் கல் சுமக்கும் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். அந்த ஓரணாவைக் கொண்டு பஞ்சகால விலையில் பருப்பு, உப்பு, மிளகாய், விறகு எல்லாம் அவன் வாங்கியாக வேண்டும். வேலை செய்யத் திராணியற்று வீட்டில் கிடக்கும் தாய் தகப்பன்மாருக்கும் அதே மூட்டையிலிருந்துதான் பங்கு. பீகாரில் அவரே அளித்த படியைக் காட்டிலும் இது வெகு குறைவு. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உடலை உழைப்பில் நிறுத்திவைக்கப் போதாது, சிறையில் கடுங்காவலில் இருக்கும் கைதிக்குக்கூட இதைவிட அதிகமாகக் கிடைக்கிறதே என்று ஆதாரங்களோடு எதிர்த்து எழுதினார். அந்த எதிர்ப்பின் பயனாகச் சில மாதங்களில் சென்னை சர்க்கார் படியை ஓரளவு உயர்த்திப் பருப்பையும் சேர்த்தது. அதற்குள் முகாம்களில் காலராவும் வயிற்றுப்போக்கும் தம் அறுவடையைத் தொடங்கிவிட்டன. பம்பாய் மாகாணத்தில் இந்தப் படியை ஏற்க மறுத்து ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வேலைத்தளத்தை விட்டே வெளியேறினார்கள். பசியோடிருப்பவன் கிடைத்த வேலையையும் உதறிப் போகிறான் என்றால் அந்தக் கூலி எவ்வளவு கொடியதாயிருந்திருக்க வேண்டும்!

இத்தனைக்கும் ஆதாரமாயிருந்தது தனிமனிதரின் கல்நெஞ்சம் மாத்திரமல்ல, ஒரு சித்தாந்தம். தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது, விலை ஏறினால் தானியம் தானாகவே பற்றாக்குறையுள்ள இடத்தை நாடி வரும் என்று ஆதம் ஸ்மித் 1776-ல் எழுதியதைப் பிரமாணமாகக் கொண்டு, சர்க்கார் தானியம் வாங்குவதும் விலையைக் கட்டுப்படுத்துவதும் பாபம் என்பதுபோல் கல்கத்தாவிலிருந்த இந்திய சர்க்கார் நடந்துகொண்டது. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு தொடக்கத்தில் தம் பொறுப்பில் தானியம் வாங்க ஏற்பாடு செய்தபோது இந்திய சர்க்கார் அதைக் கண்டித்துத் தடுத்தது. விலை ஏறியதும் தானியம் வந்தது உண்மைதான். கடல்மார்க்கமாக வந்து சென்னைக் கடற்கரையில் மூட்டைமூட்டையாகக் குவிந்தது. அதை வாங்கக் காசில்லாதவர்களோ அந்த நகரத்தின் தெருக்களிலேயே விழுந்து மாண்டார்கள். வாங்கும் கூட்டத்தை நாடியே தானியம் போகும், பசித்த கூட்டத்தை நாடிப் போகாது என்பதைச் சந்தைச் சித்தாந்திகள் அன்றும் காணவில்லை, இன்றும் பலர் காண்பதில்லை. இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பஞ்சம் நீடித்த அந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான டன் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்த தில்லி தர்பாரும் பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி முதல் தேதியன்றுதான் நடந்தது.

கொள்கையே கொன்றது என்பதை ஆண்டவர்களே ஒருவாறு உணர்ந்தார்கள் என்பதற்கு அடுத்து நடந்தவை சாட்சி. ஸர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை தந்தது. அதன் மேல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் எழுந்தன. அத்தொகுப்புகளின் சிறப்பு, பஞ்சம் வந்த பிறகு இரக்கப்படுவதை விட்டு, வருமுன் அதன் அடையாளங்களைக் கவனிக்கச் சொன்னதிலே இருக்கிறது. தானிய விலை தாறுமாறாக ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டுத் திரிகிறார்களா, சில்லறைத் திருட்டு பெருகுகிறதா என்று ஜில்லா அதிகாரி பார்த்திருக்க வேண்டும். சந்தேகம் தோன்றினால் பரீட்சார்த்தமாக வேலைகளைத் திறந்து பார்க்க வேண்டும். கூட்டம் வந்து குவிந்தால் பஞ்சத்தைப் பிரகடனம் செய்து, வேலையும், இயலாதவருக்குக் கஞ்சித்தொட்டியும் ஏற்படுத்த வேண்டும். அந்த நூற்றாண்டின் முடிவில் வந்த பஞ்சங்களில் மறுபடியும் பல லட்சம் பேர் மாண்டார்கள் ஆகையால் இந்த விதிகளைப் பூரணமானவை என்று நான் போற்றமாட்டேன். எனினும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் பெரும் பஞ்சச் சாவு இல்லாமற் போனதில் அவற்றுக்குப் பங்குண்டு.

விதியிருந்தும் அதை எடுத்து வழங்க மனமில்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1943-ஆம் ஆண்டு வங்காளம் உதாரணம். அங்கே மழையைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. முந்தின ஆண்டின் இறுதியில் புயலும் பயிர் நோயும் சேதம் விளைத்தன என்றாலும், சென்னின் கணக்குப்படி 1943-ல் இருந்த அரிசி, பஞ்சமே வராத 1941-ல் இருந்ததைவிடக் குறைவில்லை. ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோர ஜில்லாக்களில் பல்லாயிரம் படகுகளைச் சர்க்கார் கைப்பற்றி அகற்றிற்று; படகை இழந்த செம்படவனுக்குக் கடலும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. மாகாணத்துக்கு மாகாணம் தானியம் போகத் தடை. யுத்தச் செலவு பணத்தைக் கொட்டியதால் விலை பொங்கிற்று. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு 14 ரூபாய்க்குள் இருந்த அரிசி மறு ஆகஸ்டில் 37 ரூபாய். நகரத்துத் தொழிற்சாலை ஊழியருக்கு மலிவு விலை அரிசிக்கு ஏற்பாடு நடந்தது. கிராமத்துக் கூலியாளுக்கு அதுவும் இல்லை. பஞ்சத்தைப் பிரகடனம் செய்தால் விதித்த படியைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்கத் தானியமில்லை என்ற காரணத்தால் பிரகடனமே செய்யப்படவில்லை. மாண்டவர் ஏறத்தாழ 30 லட்சம். அந்தப் பஞ்சத்தை விசாரித்த வுட்ஹெட் கமிஷன் ஒப்புக்கொண்டது 15 லட்சம்.

நவீன விவசாயம் விளைச்சலைப் பெருக்கியதால்தானே பிற்காலத்தில் பஞ்சம் ஒழிந்தது, அப்படியானால் எல்லாம் மறுபடியும் விளைச்சலில்தானே வந்து நிற்கிறது என்று ஒரு வாதம் உண்டு. 1972-73-ல் மகாராஷ்டிரத்தில் நேர்ந்ததை அவர்கள் பார்க்க வேண்டும். தொடர்ந்து மழை தவறி, அந்த ராஜ்யத்தின் தானிய விளைச்சல் சில ஆண்டுகளுக்கு முன்னிருந்ததில் பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. விளைச்சலே விதியென்றால் அங்கே தாது வருஷம் திரும்பியிருக்க வேண்டும். சர்க்கார் வேலைகளைத் திறந்தது. உச்ச மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் குளம் வெட்டியும் சாலை போட்டும் ரொக்கக் கூலி பெற்றார்கள். கையில் காசு வந்ததும் வெளியூர்த் தானியம் அவர்களை நாடி வந்தது. இடர்ப்பாடு மிகுதிதான், மாடுகள் போயின, கடன் ஏறிற்று; பெருஞ்சாவு மட்டும் வரவில்லை. பத்திரிகைகளும் சட்டசபையில் எதிர்க்கட்சிகளும் சாலைமறியல் செய்த கூலியாட்களும் சர்க்காரை உறங்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மை இவ்வளவு வெளிப்படையாயிருந்தும் பழைய நம்பிக்கை ஏன் சாகவில்லை? ஆளுகிறவருக்கு அது கவசம். வானத்தை யாரும் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. தானியத்தைப் பதுக்கியவனுக்கும், அரைக்கூலிக்கு ஆள் பிடித்தவனுக்கும், பஞ்சத்தில் அடிமாட்டு விலைக்கு நிலம் எழுதி வாங்கியவனுக்கும் அது பெரிய ஆறுதல். நம்மைப் போன்ற சாமானியருக்கோ, எதிர்த்துக் கேட்கும் சிரமம் மிச்சம். பருவநிலை மாறிவருகிறது என்ற உண்மையான எச்சரிக்கைகூட இப்போது இதே கவசத்துக்கு ஓர் இரும்பாகப் பயன்படத் தொடங்கியிருப்பதைக் காண்கையில் எனக்கு அச்சம் உண்டாகிறது. வறட்சி இனி அடிக்கடி வருமானால், வறட்சிக்கும் சாவுக்கும் நடுவே நிற்கும் சட்டங்களை அத்தனைக்கத்தனை கண்ணுங் கருத்துமாகக் காப்பதல்லவா நியாயம்?

மகாராஷ்டிரம் தன் அனுபவத்தை அத்தோடு விட்டுவிடவில்லை. வேலை கேட்பவருக்கு வேலை கொடுப்பது சர்க்காரின் கடமை என்று 1977-ல் சட்டமே இயற்றிற்று. நாடு முழுமைக்குமான ஊரக வேலைவாய்ப்புச் சட்டம் 2005-ல் வந்தபோது, மனுக் கொடுத்த 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் படித்தொகை தரவேண்டும் என்பது அதில் ஒரு விதி. 1877-ல் கல் சுமந்தவன் டெம்பிளின் தராசுக்கு முன்னால் கைகட்டி நின்றான். அவன் கொள்ளுப்பேரனுக்கு மனுவும் ரசீதும் உரிமையும் சட்டத்தால் வாய்த்தன. அந்த ரசீதுக்கு மதிப்பில்லாமற் செய்கிற ஒவ்வொரு தாமதமும், பாக்கி வைக்கப்படுகிற ஒவ்வொரு வாரக் கூலியும், ரேஷன் அட்டையிலிருந்து அடிக்கப்படுகிற ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு காரியாலயத்தில், ஏதோ ஓர் அதிகாரியின் கையெழுத்தில், ஏதோ ஒரு வரவு செலவுத் திட்டத்தின் வரியில் முடிவாகின்றன. அடுத்த முறை மழை தவறும்போது நாம் விசாரணைக்குப் போக வேண்டிய இடமும் அதுவே.