டிக் அடிச்சா வேகம் வராது மக்களே!

"எம்எஸ்கான்ஃபிக் போ, பூட் ஆப்ஷன்ல பிராசஸர் எண்ணிக்கையை 4-ன்னு வை, சிஸ்டம் பறக்கும்!" இந்த டிப்ஸை இன்னும் எத்தனை வருஷம் ஃபார்வர்டு பண்ணுவீங்க சாமி?

விண்டோஸோ லினக்ஸோ, சும்மா விட்டாலே இருக்குற எல்லா கோரையும் எடுத்துக்கும். அந்த டிக் குறைக்க மட்டும்தான், கூட்ட இல்லை. ஏற்காடு காபி எஸ்டேட்ல பழம் பறிக்க நாலு பேர் வந்தாச்சு. கேட்ல "நாலு பேர் வரலாம்"னு போர்டு மாட்டினா பழம் சீக்கிரம் பறிஞ்சுடுமா? நாளைக்கு எட்டு பேர் வந்தா, போர்டைப் பார்த்து நாலு பேர் வெளியிலயே நிப்பாங்க. எட்டு கோர் பிராசஸர் மாத்தினாலும் அதே கதைதான்!

லினக்ஸ்ல கணக்கு தெளிவு. பூட் வரியில 'மேக்ஸ்சிபியூஸ்=2' கொடுத்தா ரெண்டு கோர்தான் எழும்; மீதியை அப்புறமா எழுப்பலாம். 'என்ஆர்_சிபியூஸ்=2'ன்னா ரீபூட் பண்ற வரைக்கும் மீதி கிடையாது. கெர்னல் கிராஷ் ஆனா டம்ப் எடுக்க வர்ற குட்டி கெர்னலுக்கு மெமரி மிச்சம் பிடிக்க இதை 1-ன்னு வைப்பாங்க. சோதனைக்கும் உதவும். வேகத்துக்கு இல்லை!

நான் பி.காம்தான். ஆனா சம்பளம் கொடுத்த ஆளைச் சும்மா உட்கார வெச்சா அதுக்குப் பேர் 'ஐடில் டைம்', நஷ்டம்னு எங்களுக்கே தெரியும் :-) போய் அந்த டிக்கை எடுங்க!