பேச ஆளில்லாத வீடு

பிபிசி 2023இல் ஒளிபரப்பிய ‘தி சிக்ஸ்த் கமாண்ட்மென்ட்’ நான்கே பாகம்தான். ஆனால் ஒரே மூச்சில் பார்க்க மனம் இடம் தராது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் உண்மையாக நடந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பீட்டர். அதே தெருவில் ஆன் என்ற மூதாட்டி. இருவரும் தனியாக வாழ்ந்தவர்கள். பென் ஃபீல்டு என்ற இளைஞன் அன்பாகப் பழகி, அடுத்தடுத்து இருவரின் உயிலிலும் இடம்பிடிக்கிறான். பீட்டருக்கு ரகசியமாக மருந்து கலந்து கொடுத்து, தம் புத்தியையே அவர் சந்தேகிக்கும்படி செய்கிறான். 2015இல் அவர் இறந்தபோது, குடியால் வந்த சாவு என்று முடித்துவிட்டார்கள்.

ஆன் வீட்டுக் கண்ணாடியில் கடவுளே எழுதியதுபோல் செய்திகள் எழுதினான். அவருடைய உடன்பிறந்தவரின் மகள் சந்தேகப்பட்ட பிறகுதான் போலீஸ் தோண்டித் துருவியது. பீட்டரைக் கொன்றதற்காக 2019இல் ஃபீல்டுக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது 36 ஆண்டு.

‘இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?’ என்று கேட்கத் தோன்றும். பேச ஆளில்லாத வீட்டில், உட்கார்ந்து கேட்பவன் தெய்வமாகத் தெரிவான்.

அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் போடுகிறோம். வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கடைசியாக எப்போது கேட்டோம்? இந்த வாரம் போன் செய்து கேளுங்கள். சாவகாசமாகக் கேளுங்கள்.