"பியர் தானே!"

கோடை விடுமுறையில் லண்டனிலிருந்து பஸ் ஒழுங்கு செய்து பெல்ஜியம் போய்வருவது எம்மவர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. புரூஜ் நகரின் வாய்க்கால்கள், சொக்லேற் கடைகள் எல்லாம் பார்த்து முடிய, ஆண்கள் மெல்ல ஒதுங்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பியர் கடை. சென்ற கோடையில் நாமும் ஒதுங்கினோம்.

உள்ளதைச் சொல்வதென்றால், அது பார்க்கவேண்டிய கடைதான். சுவர் முழுவதும் தட்டுத் தட்டாகப் போத்தல்கள். ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்றே ஒரு கிளாஸ். துறவி மடங்களின் மதிலுக்குள்ளேயே காய்ச்சப்படும் ட்ராப்பிஸ்ட் பியர்களுக்குத் தனி இடம். பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆகவே, கடைக்குள் போனது குற்றம் என்று எழுத நாம் வரவில்லை. எமது கவலை, அங்கே எம்மில் ஒருவர் சொன்ன இரண்டு சொற்களைப் பற்றியது: "பியர் தானே!"

பிரித்தானியாவில் நாம் அதிகம் காணும் பியரில் மதுசாரம் 4 முதல் 5 வீதம். வெஸ்ட்மால் ட்ரிப்பல் என்னும் பெல்ஜியப் பியரில் அது 9.5 வீதம். ரொஷ்ஃபோர் 10 என்பதிலோ 11.3 வீதம், வைன் போத்தலுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. காய்ச்சும்போது மேலதிகமாகச் சீனி சேர்க்கிறார்கள். ஊரில் பனங்கள்ளுப் புளிப்பது போலவே இங்கும் ஈஸ்ற் அந்தச் சீனியை மதுசாரமாக மாற்றுகிறது. சீனி கூடக்கூட மதுசாரமும் கூடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 10 மில்லிலீற்றர் தூய மதுசாரம் ஒரு யூனிற். 4 வீத பியர் ஒரு பைன்ற் குடித்தால் 2.3 யூனிற். 330 மில்லிலீற்றர் ட்ரிப்பல் ஒரு சின்னப் போத்தல் குடித்தால் 3.1 யூனிற். வாரம் ஒன்றுக்கு 14 யூனிற்றைத் தாண்டவேண்டாம் என்பது 2016 முதல் பிரித்தானிய மருத்துவ ஆலோசனை. ரொஷ்ஃபோர் 10 நான்கு போத்தலோடு அந்த அளவு கடந்துவிடும். வெஸ்ட்மால் துறவிகள் தங்கள் சாப்பாட்டு மேசைக்கென்று காய்ச்சியது எது தெரியுமா? 4.8 வீதமான எக்ஸ்ட்ரா! காய்ச்சுபவர்களே தமக்கு மென்மையானதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

எம்மோடு வந்த அண்ணர் ஒருவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். "சும்மா ஒண்டு எடுங்கோ அண்ணை, பியர் தானே" என்று வற்புறுத்தியது நாம்தான். மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு ட்ரிப்பல் முடிந்து பஸ்சில் ஏறிய சிறிது நேரத்தில் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. "அண்ணைக்கு ஏறிட்டுது" என்று நாம் சிரித்தோம். அவருடைய மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்டபடியே இரத்தச் சீனியைப் பார்த்தாள். அது அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. தோடம்பழச் சாறும் பிறகு பாணும் கொடுத்து, அவர் தெளியும்வரை பஸ்சில் ஒருவரும் பேசவில்லை.

கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் இதை அறிந்திருக்கவேண்டும். வெறும் வயிற்றில் மதுசாரம் போனால், ஈரல் அதை உடைப்பதில் மினக்கெடுகிறது. இரத்தத்துக்குச் சீனியை விடும் வேலை தடைப்படுகிறது. சீனி இறங்குவது பல மணித்தியாலம் கழித்து, நித்திரையிலும் நடக்கலாம். அதன் அறிகுறிகள் வெறியைப் போலவே தெரிவதுதான் பெரிய ஆபத்து.

அந்த அண்ணர் தனக்கு நீரிழிவு என்று எமக்குச் சொல்லியிருக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடும் பழக்கம் எம்மிடம் இல்லை. உபசரிப்பு என்ற பெயரில் வற்புறுத்துகிறோம். நோயைச் சொல்ல வெட்கப்படுபவர் கிளாஸை வாங்கிக்கொள்கிறார்.

மதுசாரம் புற்றுநோயை உண்டாக்குவது என்று 1988இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே, குடிக்காதவர்கள் சுற்றுலாவுக்காகத் தொடங்கவேண்டியதில்லை. குடிப்பவர்கள் போத்தலின் அழகைப் பார்க்கும் முன் லேபலில் உள்ள வீதத்தைப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டு, ஒரு போத்தலை இருவர் பகிர்ந்து, இடையிடையே தண்ணீர் குடியுங்கள். குளிசை எடுப்பவர்கள் புறப்படும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். கூட வருபவர் ஒருவரிடமாவது நோயைச் சொல்லிவையுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிக்கொள்கிறோம். அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தானே மிஞ்சியது தெரியும்? அடுத்த ஒன்றுகூடலில் யாராவது "வேண்டாம்" என்றால், "பியர் தானே" என்று சொல்லாமல் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டுவோம். நாமும் இனி அப்படித்தான்.