கேமரா கண்டது, நாம் எதைக் கண்டோம்?



நாக்கா முனையில் கேமரா மாட்டிவிட்டால் வீட்டுக் கொலைகள் ஒழிந்துவிடுமாம்! நம் சால்களிலும் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கிறது. கேட்க இனிக்கிறது. உண்மை என்ன?

2022இல் டில்லி மெஹ்ரௌலியில் நடந்ததை நாடே அறியும். மும்பையை அடுத்த வசாயிலிருந்து துணைவனோடு குடிபோன பெண் மே மாதம் கொல்லப்பட்டாள் என்பது போலீசார் வழக்கு. தந்தை புகார் கொடுத்தது அக்டோபரில், கைது நவம்பரில். பிறகு தெருத்தெருவாகத் தேடியதில் கிடைத்தது, அக்டோபர் மாதத்து விடியற்காலைக் காட்சி ஒன்று: பையோடு ஓர் ஆள் நடக்கிறான். மே மாதம் எங்கே? கடைக்காரரின் பெட்டி பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் தாங்கும். பழையதன் மேல் புதியது ஏறிக்கொள்ளும்.

அழியாத சாட்சி வேறொன்று இருந்தது! அடிக்கிறான், கொன்று வெட்டிப்போடுவேன் என்கிறான் என்று 2020 நவம்பரிலேயே அந்தப் பெண் பால்கர் மாவட்டப் போலீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பிறகு சமரசம். புகார் வாபஸ்.

சமரசம்! நாம் அறியாத சொல்லா? ஊர்க்காரரும் சங்கத்துப் பெரியவர்களும் கூடி, "அனுசரித்துப் போம்மா" என்று அனுப்பிவைக்கவில்லையா? இதை எழுதுகிறவனும் அந்தப் பாயில் உட்கார்ந்தவன்தான். சால் அறையில் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அடி விழும்போது மட்டும் காது அடைத்துக்கொள்கிறதா?

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. "வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்னும் புருஷனின் பொய்யை எதிர்க்கடைக் கேமரா உடைக்கும். ஆனால் அதைக் கேட்டு வாங்க ஆள் ஓட வேண்டும். காசி விடுதி மரணத்தில் ஆயுள் தண்டனை பெற்ற இரு இத்தாலியரை 2015இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கேமராப் பதிவை அரசுத் தரப்பு கொண்டுவராதது அதற்கு ஒரு பெரிய காரணம்.

பெண்ணைக் காணோமா? அன்றைக்கே புகார் கொடுங்கள். கடை, பஸ் ஸ்டாப், கட்டட வாசல் என்று கேமரா இருக்கும் இடங்களை எழுதி, பதிவைக் கைப்பற்றி வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

"எவனோடாவது ஓடியிருப்பாள்" என்று விரட்டுகிறார்களா? காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. விரட்டிய தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பதிவையும் கேட்போம்!