படத்தில் இருப்பவருக்குப் பெயர் கிடையாதா?

2016-ல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, வாஷிங்டனில் நியூசியம் பார்க்கப் போனோம். பத்திரிகைத் தொழிலுக்கென்றே கட்டிய மியூசியம். அந்த ஊரில் ஸ்மித்சோனியன் மியூசியங்கள் எல்லாம் இலவசம். இதற்கு மட்டும் ஆளுக்கு ஏறக்குறைய 25 டாலர். என் மனைவி வழக்கம்போல் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வாசல்லயே பேப்பர் படிக்கிறேன்" என்றாள். நிஜமாகவே வாசலில் அன்றன்றைய பத்திரிகைகளின் முதல் பக்கங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள்.

உள்ளே பெர்லின் சுவரின் துண்டுகள், காவல் கோபுரம் எல்லாம் இருந்தன. செப்டம்பர் 11 அன்று படம் எடுக்கப் போய் இடிபாட்டில் இறந்த பில் பிகார்ட்டின் நசுங்கிய கேமரா இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பணியில் உயிர்விட்ட பத்திரிகையாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைக் கண்ணாடிப் பலகைகளில் பொறித்திருந்தார்கள். ஒரு பெயரைப் பொறித்து வைப்பதன் மதிப்பு தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடு புலிட்சர் பரிசு பெற்ற படங்களின் கூடத்துக்குப் போனதுதான் வம்பாகிவிட்டது.

சூடான் பஞ்சத்தில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுருண்டு கிடக்கும் ஒரு குழந்தை, பின்னால் ஒரு பிணந்தின்னிக் கழுகு. 1993-ல் வெளிவந்தது, 1994-ல் பரிசு, சில மாதங்களில் அவர் தற்கொலை. "படம் எடுத்த நேரத்தில் குழந்தையைத் தூக்கியிருக்கலாமே" என்று இன்றைக்கும் வாட்ஸப்பில் அவரைத் திட்டி அனுப்புகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கழுகை விரட்டிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு ஒழுக்கம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

என் கோபம் வேறு. அந்தக் குழந்தை யார்? படம் வந்தவுடன் வாசகர்கள் கேட்டது இதைத்தான்: குழந்தைக்கு என்ன ஆயிற்று? நியூயார்க் டைம்ஸ் ஒரு குறிப்புப் போட வேண்டி வந்தது. குழந்தை எழுந்து நடந்ததாம். உணவு முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாதாம். 2011-ல்தான் ஒரு ஸ்பானியப் பத்திரிகை அந்த ஊருக்கே போய் விசாரித்தது. உலகமே 'சிறுமி' என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பையன் என்றும், பஞ்சத்தில் பிழைத்து வளர்ந்து பிறகு காய்ச்சலில் இறந்தான் என்றும் அவன் தகப்பன் சொன்னார். பதினெட்டு வருஷம்! ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாமல் பரிசு, புகழ், வசை எல்லாம் முடிந்துவிட்டது.

இது ஒரு ஆளின் தவறல்ல, தொழிலின் பழக்கம். 1936-ல் கலிபோர்னியாவில் டோரதியா லேங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தையும் பாருங்கள். அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை என்று லேங்கே பிறகு எழுதினார். ஃப்ளாரன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வந்ததில்லை என்று அந்த அம்மா வருந்தினார்.

இதைச் சொன்னால் வாக்கிங் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். "குண்டு விழுற இடத்துல பேர், விலாசம் கேட்டுக்கிட்டா இருப்பான்?" 1972-ல் வியட்நாமில் நாபாம் தீயில் ஓடிவந்த சிறுமியும் குண்டு விழுந்த இடத்தில்தான் ஓடிவந்தாள். நிக் ஊட் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கிம் ஃபுக் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவரே மேடையேறிப் பேசினார். முகத்தையும் பெயரையும் மறைத்தே ஆகவேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு, சட்டமே உண்டு. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு மறைப்பது வேறு, கேட்கவே தோன்றாமல் போவது வேறு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், சுனாமி சமயத்தில் நான் கடலூரில் வங்கி வேலையில் இருந்தேன். உலகத்துப் புகைப்படக்காரர்கள் எல்லாம் அங்கே வந்து போனார்கள். கடலூரில் எடுத்த படம் ஒன்றுக்குத்தான் அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருதே கிடைத்தது. நான் சொல்ல வருவது அது இல்லை, இன்னொரு பத்திரிகையில் வந்த இன்னொரு படம்.

நிவாரணப் பணத்துக்காகக் கணக்குத் திறக்கக் கூட்டம் அலைமோதிய நாள் ஒன்றில், தேவனாம்பட்டினத்து அம்மா ஒருத்தர் கவுண்டருக்கு வந்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் அலையோடு போய்விட்டது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். சந்தேகமே இல்லை, அவர் முகம்தான். வாய் திறந்து கதறுகிற முகம்.

"இது நாந்தான் சார். பேப்பர்லயே போட்டிருக்காங்க. என் பேரு எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க."

படித்தேன். "சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்துக் கதறும் பெண்" என்று இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் படம் எடுத்தவரின் பெயர்.

"பேரு போடலியேம்மா" என்றேன்.

அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவனும் அதையே சொன்னான். பிறகு எங்களிடம் கணக்கு வைத்திருந்த படகுக்காரர் ஒருவரைப் பிடித்து, அறிமுகக் கையெழுத்து வாங்கிக் கணக்குத் திறந்தோம். படிவத்தில் அவர் பெயரை நான்தான் எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார். பேப்பர் துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.