குரல் யாருக்குச் சொந்தம்?

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் எழுதிவைத்தது. அரசாங்க அறிவித்தல் தமிழில் வரவேண்டுமென்பது எமது உரிமை. தமிழில் வந்த அறிவித்தலை நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வாழும் விழிப்புலனற்ற ஒருவர் எவ்வாறு வாசிப்பார் என்பதை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. அயலவர் வாசித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். தம் வீட்டு விஷயம் முழுவதையும் அயலவர் காதில் போட்டபின் அவருக்கு மிஞ்சும் மொழியுரிமை எத்தகையது?

கணினித் திரையிலுள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள் உண்டு. அதனைத் திரைவாசிப்பான் என்பர். அதற்கு வாயாக அமைவது எழுத்தை ஒலியாக்கும் பேச்சுத் தொகுப்பி என்னும் இன்னொரு மென்பொருள். இந்த வாய் யாருக்குச் சொந்தம் என்பதே இன்றைய வழக்கு.

2006 இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இளைஞரான மைக்கல் கரன் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார். விழிப்புலனற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். அதனை அவர்கள் விலையின்றிக் கொடுத்தனர். அம்மட்டோ! மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்; திருத்தி வழங்குவோர் அதே சுதந்திரத்தையும் சேர்த்து வழங்கவேண்டும் என்னும் குனூ பொது உரிமத்தின் கீழ் அதனை வைத்தனர். அதனோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலும் அவ்வகையினதே. தமிழும் பேசும். தகரத்தில் தட்டினாற்போன்ற குரல்தான், மறுக்கவில்லை. ஆயினும் குறிகட்டுவானில் படகேறியவரின் கணினியில், நடுக்கடலில் இணையம் அறுந்தாலும் அது பேசும்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்னும் இரு குரல்களை ஆக்கியுள்ளது. கேட்க இனியவை. ஆனால் அவை அந்நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் இருந்தபடி இணையம் வழியே பேசுகின்றன. அச்சேவையை வாங்கித் தம் மென்பொருளில் பொருத்துவோர்க்கு எழுத்தெண்ணிக்கையின்படி விலை. காணி உறுதி முடிக்கையில் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரித்தையும் எழுதுவிக்க மறவாத நம் கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இங்கே தண்ணீர் வாளிக் கணக்கில் கிடைக்கிறது, கிணற்றிலோ பங்கில்லை.

பங்கில்லாதவன் படும் பாட்டுக்கு எலக்வன்ஸ் என்ற குரல் சாட்சி. ஆங்கிலம் பேசும் விழிப்புலனற்றோர் பலர் பெரிதும் விரும்பிய அக்குரல் ஸ்பீச்வேர்க்ஸ், ஸ்கான்சொப்ட், நுவான்ஸ் என நிறுவனப் பெயர்கள் மாற மாறக் கைமாறிற்று. மூலநிரல் மட்டும் திறக்கப்படவில்லை. அதையே நாடியோர் திருட்டுப் பிரதியைத் தேடும் நிலையும் வந்தது.

மூடிய குரலைக் கட்டற்ற மென்பொருளுடன் பொருத்தலாமா எனச் சிலர் வாதிப்பர். என்.வி.டி.ஏ.யை ஆக்கியோர் அதற்கென்றே தம் உரிமத்தில் விசேட விலக்கொன்றை எழுதினர். விவேகமான செயல். எக்குரலில் கேட்பதென்பது கேட்பவரின் தெரிவு. தனியார் நிறுவனம் தன் பணத்தில் ஆக்கிய குரலை விற்பதையும் நாம் குறைகூறவில்லை. பொதுப்பணத்தில் ஆக்கும் குரலைப் பற்றியதே எமது வழக்கு.

2013 இல் நிறைவேறிய மராகேஷ் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றது. விழிப்புலனற்றோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்க அது வழி திறந்தது. அந்நூலை வாசிக்கும் குரலைப் பற்றி அது பேசவில்லை.

இந்திய அரசின் பணத்தில் சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பிகளை ஆக்கியுள்ளன. எம் மண்ணின் பேச்சுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இப்பணியை ஏற்கலாம். கைதடி நஃபீல்ட் பாடசாலையும் சுன்னாகத்து வாழ்வகமும் குரலைக் கேட்டுப் பிழை சொல்லட்டும். அரசாங்கம் பணம் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது, பதிவு செய்த ஒலியும் மூலநிரலும் கட்டற்ற உரிமத்தில் வெளிவரவேண்டும், குரல் இணையமின்றியும் பேசவேண்டும் என்னும் இரு நிபந்தனைகளையும் கேள்விப்பத்திரத்திலேயே எழுதுவிப்பது எம் பாராளுமன்ற உறுப்பினர்களின் கடமை. வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்திலேயே அவர்கள் இதனை எழுப்பட்டும்.