கேட்கும் இருதயம்

ஞானத்துக்காக ஜெபிக்காத கிறிஸ்தவக் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இல்லை எனலாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைக்கும், விசா நேர்முகத்துக்குப் போகும் மகனுக்கும், காணி வழக்குப் பேசவிருக்கும் தகப்பனுக்கும் நாம் கேட்பது ஞானத்தைத்தான். இதில் பிழையொன்றும் இல்லை. பிள்ளையின் பரீட்சைக்காகப் பெற்றோர் ஜெபிக்காமல் வேறு யார் ஜெபிப்பது? ஆனால் இந்த வழக்கத்தில் ஒரு சொல் மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டது. ஞானம் என்றால் நமக்குச் சித்தி, வெற்றி, காரியம் கைகூடுதல். இரக்கம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அது இப்போது ஒரு நிவாரணப் பொதி. பொதியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே திசையில் பார்த்து நிற்கும் ஒரு புகைப்படம்.

இரண்டும் தனித்தனி விடயங்கள் என்றும் நாம் பழகிவிட்டோம். ஞானம் படித்தவர்களின் சொத்து. இரக்கம் மாதர் சங்கத்தின் வேலை. வேதாகமம் இவ்வாறு பிரிக்கவில்லை என்பதே என் வாதம். பிரித்ததனால் வந்த கேட்டுக்கு நமது மிஷன் வரலாற்றிலும் சாட்சி உண்டு, நமது நிகழ்காலத்திலும் உண்டு.

சாலொமோன் கனவில் கேட்ட வரத்தை எல்லோரும் அறிவர். நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ பகைவரின் உயிரையோ அவன் கேட்கவில்லை. ஞானம் கேட்டான் என்று ஞாயிறு பாடசாலையில் படித்தோம். மூல எபிரேயத்தில் அவன் கேட்டது ‘லேவ் ஷோமேயா’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கேட்கும் இருதயம்’ என்று வரும். மூளை அல்ல, நாவன்மை அல்ல. காது கொடுக்கத் தெரிந்த இருதயம்.

அந்த வரம் கிடைத்ததும் அதே அதிகாரத்தில் நடப்பது என்ன? வேற்று நாட்டுத் தூதுவர்களோ சேனாதிபதிகளோ அவன் முன் வந்து நிற்கவில்லை. ஊரார் ஒதுக்கிவைத்த இரண்டு விலைமாதர் வந்து நிற்கிறார்கள். ஒரு பிள்ளை செத்துவிட்டது. மற்றது யாருடையது என்பது வழக்கு. சாட்சி இல்லை. இருவர் பேச்சும் ஒன்றுபோல இருக்கிறது. வாளைக் கொண்டுவரச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வழக்கைத் தீர்த்தது வாள் அல்ல. பெற்றவளின் ‘ரஹமீம்’ பொங்கியது என்கிறது மூலம். இரக்கம் என்று பொருள்படும் அந்தச் சொல் கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லோடு உறவுடையது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் தாய்மார் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். பிள்ளை கைவிட்டுப் போனாலும் உயிரோடு இருக்கட்டும் என்றாள் அவள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை அடையாளம் கண்டது அரசனின் ஞானம். கேட்கத் தெரியாத ஒருவன் அந்த ஆசனத்தில் இருந்திருந்தால் பிள்ளை இரண்டு துண்டாகியிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். உடுப்பிட்டி அமெரிக்க மிஷனின் பழைய நிலையங்களுள் ஒன்று. 1816 இல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கிய அந்த மிஷன், 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவியது. வடமராட்சிப் பெண்பிள்ளைகளுக்கென உடுப்பிட்டியில் 1868 இல் ஒரு விடுதிப் பாடசாலை எழுந்தது. பெண்பிள்ளையை வீட்டுக்கு வெளியே தங்கவைத்துப் படிப்பிப்பது அருமையாயிருந்த காலம் அது. அந்தத் துணிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரி இன்று அரசாங்கப் பாடசாலை. படிப்போரில் பெரும்பாலோர் சைவப் பிள்ளைகள். மிஷன் பெயரில் மட்டும் இருக்கிறது. அதுவும் ஒரு வகையில் நல்ல அறுவடைதான்.

ஆனால் அந்த மிஷனின் இரக்கத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள உபகாரி ஒருவர் ஏற்றுக்கொள்வார். பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர் சூட்டப்படும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் நாம் இன்றும் சொல்லிவரும் பெயர்களில் முன்பாதி இப்படி வந்ததுதான். பெயரைக் கொடுத்தவர் கடல் கடந்து வந்ததில்லை. பெயரைச் சுமந்தவர் அவரைக் கண்டதில்லை. சோறும் எழுத்தும் கொடுத்த கை, பதிலுக்குப் பெயரை எடுத்துக்கொண்டது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் வருமானத்தில் மிச்சம்பிடித்து அனுப்பிய பக்தர்கள். அவர்களிடம் இரக்கம் இருந்தது, கேட்கும் இருதயம் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, அதை இட்டவள் ஒரு தாய் என்பது அவர்களுக்குக் கேட்கவில்லை.

விளைவு என்ன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சைவத்துக்குத் திரும்பினர். காரணங்கள் பல இருக்கலாம். பெயர் மாற்றமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பெயரையே விட்டுவைக்காத அன்பை ஒருவர் எவ்வளவு காலம் தாங்குவார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சுவையான திருப்பமும் இதில் உண்டு. தாமோதரம்பிள்ளையின் மகன் கிறிஸ்தவப் போதகரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு இருந்த அவர், சைவ நாயன்மாரின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921 இல் பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். பிறர் சமயத்தைக் கேட்கத் தெரிந்த கிறிஸ்தவர் அவர். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் 1947 இல் உருவானபோது முதற் பேராயரான சபாபதி குலேந்திரனும் அந்த வழியில் வந்தவரே. கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை என்ற கருத்தை ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1964 இல் வந்தது. சைவர்களோடு வேலிக்கு வேலி வாழ்ந்த ஒருவர்தான் அப்படியொரு நூலை எழுத முடியும்.

அதே மிஷனில் மறுவகைச் சாட்சியும் உண்டு. 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். தனியொருவராய் நோயாளரைப் பார்த்து முடிக்க இயலாது என்று கண்டு, உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். 60க்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறினர். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக உடற்கூற்றியலையும் இரசாயனத்தையும் தமிழாக்கினார். தம் மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஆங்கிலம் படித்த வைத்தியன் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போய்விடுவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் இருப்பான் என்ற கணிப்பு அதில் இருந்தது. நோயாளி தன் வயிற்றுவலியைத் தன் மொழியில் சொல்ல, அதைக் கேட்கிறவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரக்கம் கலைச்சொல்லாக்கமாக வடிவெடுத்த இடம் இது.

நம் காலத்தில் அது ஒரு கழித்தற் கணக்காகவும் வடிவெடுத்தது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 ஜூலையில் ஐ.நா. கணக்கின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். ஒருவரையும் சபிக்கவில்லை, உருக்கமான பிரசங்கம் செய்யவில்லை. அந்த எண்ணை எழுதவைத்தது பல்லாயிரம் தாய்மாரின் ஓலம். அவர் அதைக் கேட்டிருந்தார். ஓலத்தை ஆணைக்குழுவின் பதிவேடு ஏற்காது என்பதை அறிந்து, ஏற்கக்கூடிய மொழியில் மாற்றிக் கொடுத்தார். 2021 ஏப்ரலில் அவர் காலமாகும்வரை அதற்கு முறையான பதில் வரவில்லை.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் புலம்பெயர்ந்த நம்மவர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊருக்கு அள்ளிக்கொடுக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆலய மண்டபத்துச் சுவரில், தண்ணீர்த் தாங்கியில், மின்விசிறியின் இறக்கையில்கூடக் கொடுத்தவரின் பெயர். நெவின்ஸையும் கரோலையும் பற்றிச் சிரிக்கும் உரிமை நமக்கு உண்டா? உடுப்பிட்டிக்கு அருகே தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி இருக்கிறது. அன்னதானத்துக்குப் பேர்போன அந்தக் கோயிலில் பந்தியில் இருப்பவரின் சமயத்தையும் எவரும் கேட்பதில்லை. நல்ல சமாரியனின் உவமையில் எண்ணெய் உண்டு, திராட்சரசம் உண்டு, சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு காசு உண்டு, திரும்பி வருவேன் என்ற உறுதியும் உண்டு. அவன் பெயர் மட்டும் இல்லை.

பெயரைவிடப் பெரிய குறை, கேளாமல் கொடுப்பது. ஜெபக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ‘வீட்டுச் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்’ என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடுவாள். போர் கணவனைக் கொண்டுபோன பின் வடக்கில் எத்தனையோ பெண்கள் நுண்கடன் வாங்கினார்கள். ஒரு கடனை அடைக்க மறுகடன், அதை அடைக்க நகை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் தள்ளுபடி அறிவிக்கும் அளவுக்கு விடயம் முற்றியது. கிழமைதோறும் படலையில் வந்து நிற்கும் வசூல்காரனைப் பற்றி அவள் சபையில் சொல்ல மாட்டாள். வெட்கம். நாமும் ‘சமாதானம்’ என்ற சொல்லை அப்படியே எடுத்து ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

ஆகவே பணம் அனுப்புவோரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஆலயத்துக்குக் காசோலை எழுதுமுன் போதகருக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். கூரைக்கு எவ்வளவு முடியும் என்று கேளாமல், சபையில் எத்தனை வீடுகள் கடனில் இருக்கின்றன என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், இரண்டு கிழமை வீடுகளைச் சந்தித்துவிட்டு அழைக்கச் சொல்லுங்கள்.